கல்கத்தா எண்ணில் வந்த அப்பா

1

நான் நான்தான் என்பதை நிரூபிக்க முடியாமல் போன சனிக்கிழமையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெல்பர்னில் மகள் வீட்டுக்கு நான் வந்து இரண்டு வருடம் நிறைந்த நாள் அது. யாரும் கேக் வெட்டவில்லை. நானாக ஒரு காரியம் வைத்துக்கொண்டேன். இந்தியாவுக்குப் பேசும் என் திட்டத்தை மாற்றலாம் என்று தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டேன். நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்து, பாதுகாப்புக்காகச் சில கேள்விகள் என்றாள். பிறந்த தேதி சொன்னேன். முகவரி சொன்னேன். மூன்றாவது கேள்வி இது: உங்கள் தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன?

என் தாயார் பெயர் கன்னியம்மாள். திருமணத்துக்கு முன்பும் கன்னியம்மாள், பின்பும் கன்னியம்மாள். முன்னால் போடும் எழுத்து மட்டும் மாறியது. கணக்கைத் திறந்தபோது படிவத்தை நிரப்பியவர் மாப்பிள்ளை. கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று எதையோ எழுதியிருக்கிறார். எதை என்று அவருக்கே நினைவில்லை.

“கன்னியம்மாள்” என்றேன். தவறு. அம்மாவின் அப்பா பெயரைச் சொன்னேன். அதுவும் தவறு. ஸ்ரீபெரும்புதூர் என்று சொல்லிப் பார்த்தேன். அதை அவள் திரும்பச் சொல்ல முயன்றதில் கொஞ்ச நேரம் கழிந்தது.

“மன்னிக்கவும், மிஸ்டர் முனுசாமி. உங்கள் அடையாளத்தை எங்களால் உறுதி செய்ய முடியவில்லை.”

முனுசாமி என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து நெடுநாள் ஆகிறது. ஆனால் இந்த நாட்டில் வங்கி, மருத்துவமனை, நூலகம் எல்லா இடத்திலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். எழுந்து போவது மட்டும் நான். என் பெயர் தணிகாசலம். இங்கே அது முன்பெயர், அதாவது யாருக்கும் தேவைப்படாத பெயர்.

பக்கத்தில் உட்கார்ந்து தானியத்தைப் பாலில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்த பேத்தி மேகாவுக்கு ஒன்பது வயது. நான் போனை வைத்ததும் ஆங்கிலத்தில் கேட்டாள்: “தாத்தா, உனக்கு உன் அம்மாவின் பெயர் தெரியாதா?” அவளிடம் மிச்சமிருக்கும் தமிழ் ‘தாத்தா’, ‘வேணாம்’, ‘போதும்’. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என்னோடு குடும்பம் நடத்திவிடலாம் என்று அவள் கண்டுபிடித்து ஒரு வருடமாகிறது.

2

இதில் வேடிக்கை என்னவென்றால், முப்பது வருடத்துக்கு மேல் நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். கம்பம் நடுவதற்கு விண்ணப்பம் எழுதுவது முதல் கோட்டப் பொறியாளராக அடுத்தவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது வரை எல்லாம் செய்திருக்கிறேன். எந்தத் தாள் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்று எனக்குத் தெரியும். கடைசி வருடங்களில் பயிற்சி நிலையத்தில் வகுப்பு எடுத்தேன். இணையம் வழியாகக் குரல் போக ஆரம்பித்திருந்த காலம். பலகையில் இரண்டு வார்த்தை எழுதுவேன்: நம்பகம், பாதுகாப்பு. அழைப்பு போய்ச் சேர வேண்டும், அது நம்பகம். யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கு மட்டும் போய், யாரிடமிருந்து வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அது பாதுகாப்பு. பிள்ளைகள் எழுதிக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டில் இப்போது இருப்பவள் என் தங்கை சரோஜா. புருஷன் போன பிறகு, வீட்டின் பின்பக்கம் மூன்று மாடி எழுப்பி, கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு அறை விட்டிருக்கிறாள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் வந்த பிறகு அந்தப் பக்கம் நெல் போட்டவர்கள் எல்லாம் அறை போட்டார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், சிவகங்கை என்று தெற்கிலிருந்து பெண்கள் வருகிறார்கள். கம்பெனி பஸ் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போய், ஷிப்ட் முடிந்ததும் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது.

சரோஜாவின் விடுதிக்கு ஒரு சட்டம் உண்டு. கைபேசிகள் எல்லாம் கீழே டிவி மேசை மேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடையில் கிடக்க வேண்டும். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர். சேரும்போதே வீட்டார் இரண்டு எண் தர வேண்டும். அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் சரோஜா மாடிப்படி அடியில் நின்று பெயர் சொல்லிக் கத்துவாள், பெண் இறங்கி வந்து பேசுவாள். வேறு எண் வந்தால் கத்த மாட்டாள். பெற்றவர்களுக்கு இந்தக் கூடை மிகவும் பிடித்திருந்தது. கூடைக்காகவே நாங்குநேரியிலிருந்து இந்த விடுதியைத் தேடி வந்தவர்கள் உண்டு.

இதில் பாதிப் பெண்கள் வேலை செய்வது கைபேசி தயாரிக்கும் கம்பெனியில். பகலெல்லாம் போன் செய்கிற பெண்ணுக்கு ஒரு போன் வந்தால் சரோஜா அனுமதி தர வேண்டும்.

ஒருமுறை இதைச் சொல்லிக் கேலி செய்தேன். “நீ ஆஸ்திரேலியாவுல குந்திக்கினு பேசுவ. நாளைக்கு ஒரு பொண்ணு எவன்கூடவாவது போயிட்டா, அவுங்க அப்பன் ஆத்தா என் வூட்டு வாசல்ல வந்து மண்ணை வாரி வுடுவாங்க. நீயா வந்து பதில் சொல்லுவ?” என்றாள். நியாயமான கேள்வி. பயத்தில் போட்ட சட்டத்தைக் கேலியால் மாற்ற முடியாது.

3

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சரோஜாவைக் கூப்பிடுவது வழக்கம். அங்கே அது காலை. நான் கடையில் விற்கும் மலிவு அழைப்பு அட்டைகளில் பேசுகிறவன் இல்லை. கைபேசியில் நேராகப் பன்னாட்டு அழைப்பு. ‘அண்ணா ஆஸ்திரேலியா’ என்று அவள் பதிந்து வைத்திருப்பது அப்படியே அவள் திரையில் வரும். அதில் எனக்கு ஒரு கர்வம்.

“நல்லா கீறியாண்ணா?” என்றவள், நான் பதில் சொல்வதற்குள், “இங்க ஒரு தலைவலிண்ணா. மூணாவது மாடியில முத்துச்செல்வின்னு ஒரு பொண்ணு, நாங்குநேரி பக்கம். மூஞ்சப் பாத்தா பச்சப்புள்ள மாதிரி கீறா. ஊருக்கு ஒருத்தன வச்சிக்கினு கீறாண்ணா” என்றாள்.

“ஊருக்கு ஒருத்தனா?”

“ஒரு நாள் கல்கத்தா நம்பரு. ஒரு நாள் அசாமு. ஒரு நாள் பீகாரு. ரீசார்ஜ் கடைக்காரன்ட்ட காட்டிக் கேட்டேன், அவன்தான் சொன்னான். காத்தால காத்தால வருது. ஒரு நாள் நானே எடுத்தேன். ஆம்பளக் குரல். நான் ‘யாரு?’ன்னேன். என் குரலைக் கேட்டதும் டக்குனு கட் பண்ணிட்டான். திருப்பிப் போட்டா, இந்த நம்பருக்கு இன்கமிங் கெடையாதுன்னு வருது. எவ்ளோ உஷாரு பாரு!”

“அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?”

“எங்க அப்பான்றா. அவங்க அப்பா சவுதியில கொத்தனாரு. அவரு நம்பரு என்கிட்ட எழுதி வச்சிக்கினுதான் கீறேன். அந்த நம்பர்லேந்து ஒரு நாளாவது வந்திருக்கணுமா இல்லியா? ஒரு நாளும் வந்ததில்லண்ணா. அவங்க பெரியப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், பொண்ணு விஷயமா நேர்ல பேசணும், வந்து இட்டுக்கினு போங்கன்னு. நாளைக்கு வர்றாரு.”

கல்கத்தா, அசாம், பீகார். திருப்பிக் கூப்பிட்டால் போகாத எண்கள். துறையில் இந்த அறிகுறிகளை அறிக்கையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் நான் ஓய்வூதியம் வாங்குகிறேன்.

“சரோ, அந்தப் பெண்ணிடம் போனைக் கொடு.”

“நீ எதுக்குண்ணா?”

“கொடேன்.”

மாடிப்படி அடியில் நின்று கத்தும் சத்தம் கேட்டது. பிறகு செருப்பில்லாத காலடிகள். பிறகு அழுது முடித்த ஒரு குரல்.

“ஐயா, எங்கப்பாதான் பேசுதாவ. சத்தியமாச் சொல்லுதேன். நம்பரு ஏன் மாறி மாறி வருதுன்னு எனக்குத் தெரியல. அவியகிட்ட கேட்டா, கார்டு போட்டுப் பேசுதேன் தாயின்னு மட்டும் சொல்லுதாவ.”

“இதை சரோஜாவிடம் சொன்னாயா?”

“சொன்னேம்யா. சவுதியிலருந்து பேசுனா கல்கத்தா நம்பர் எப்படி வரும்னு கேக்காவ. அதுக்கு எனக்கே பதில் தெரியலியே.”

“கம்பெனியில் என்ன வேலை உனக்கு?”

“செஞ்சு முடிச்ச போன்ல குரல் ஒழுங்கா கேக்கான்னு பாக்க லைனுய்யா.” சற்று நிறுத்தி, “பெரியப்பா வந்தா நேரா ஊருதான். அங்க மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காவ. வேண்டாம்னு அப்பாதான் தள்ளிப்போட்டுக்கிட்டு வாராவ. இந்தப் பேச்சு பெரியப்பா காதுல விழுந்தா அப்பாவால ஒண்ணும் பேச முடியாது. அம்மா பெரியப்பா பேச்சைத் தாண்டவே மாட்டா” என்றாள்.

தந்தையின் எண்ணைக் கேட்டு வாங்கி நானே அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேலைக்குப் போய்விட்டார். வேலைத்தளத்தில் கைபேசி கூடாதாம்; திறக்க ராத்திரியாகும், அதற்குள் பெரியப்பா பஸ் ஏறிவிடுவார். ஆக, தந்தையை வைத்து மகளை நிரூபிக்க வழியில்லை. முந்தின நாள்தான் நான் என் தாயை வைத்து என்னை நிரூபிக்க முடியாமல் நின்றிருந்தேன்.

4

அந்தக் கல்கத்தா எண் எப்படி வருகிறது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பியிருக்கும் வீடுகளில் எல்லாம் இது தெரிந்திருப்பது நல்லது.

ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனி வாசலில் பஸ்ஸிலிருந்து ஒரு பையன் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டையில் கம்பெனி பெயர் இருக்கும். கம்பெனியைக் கேட்டால், அவன் காண்ட்ராக்டர் ஆள் என்பார்கள். காண்ட்ராக்டர், சப் காண்ட்ராக்டரைக் கை காட்டுவார். அவர் வாலாஜாபாத்தில் ஒரு ஏஜென்டைச் சொல்வார். ஏஜென்டுக்கு அவனைக் கொண்டுவந்து விட்டவர் வேறு யாரோ. பையன் எங்கிருந்து வந்தான் என்பது கடைசியில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மலிவு அட்டையில் போகும் அழைப்பும் அப்படித்தான். சவுதியில் கொத்தனார் அட்டையைச் சுரண்டி எண்களை அழுத்துகிறார். அவர் குரலை இணையத்தில் ஏற்றுகிறவன், இந்தியா வரை கொண்டுபோக யார் குறைவாகக் கேட்கிறானோ அவனிடம் தள்ளுகிறான். அவன் இன்னொருவனிடம் தள்ளுகிறான். முறைப்படி அது உரிமம் பெற்ற வாசல் வழியாக, கொத்தனாரின் எண்ணோடு நாட்டுக்குள் நுழைய வேண்டும். நுழைந்தால் கட்டணம். ஆகவே கல்கத்தாவிலோ பாட்னாவிலோ ஒரு வாடகை அறையில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் வரிசை வரிசையாகச் சிம் கார்டுகள். இணையத்தில் வந்த குரலை அந்தப் பெட்டி வாங்கி, ஏதோ ஒரு சிம்மிலிருந்து உள்ளூர் அழைப்பாகப் போடுகிறது. கொத்தனாரின் எண் வாசலிலேயே கழன்று விழுந்துவிடும். மகளின் திரையில் தெரிவது அந்தச் சிம்மின் எண். நடுவில் இருக்கிற யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யார் வேண்டுமானாலும் துண்டிக்கலாம். நான் பலகையில் எழுதிய இரண்டு வார்த்தைகளுக்கும் அங்கே இடமில்லை.

அப்படி ஓர் அறையை நான் பார்த்திருக்கிறேன். வாலாஜாபாத் சாலையில் ஒரு மாடி. காவல்துறை ஆட்களோடு போனோம். கீழே வீட்டுக்காரர் விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கம்ப்யூட்டர் கிளாஸுன்னு சொல்லித்தான் சார் எடுத்தாங்க. ஒரு புள்ள வரல. ஏசி மட்டும் ராப்பகலா ஓடிக்கினே கீது” என்றார். மேலே போனால் ஆளில்லை. ஏசி குளிரில் பெட்டி மட்டும் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு, யார் யாருடைய அப்பாக்களையோ யார் யாருடைய மகள்களுக்கோ இணைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் மின்சாரத்தைப் பிடுங்கினோம். விளக்குகள் அணைந்தன. நடவடிக்கை முடிந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சிம்கள் எல்லாம் மொத்தமாக வாங்கப்பட்டவை. எண்கள் அடுத்தடுத்து ஓடும்.

இந்த நினைவு வந்ததும் மறுபடி சரோஜாவைக் கூப்பிட்டேன்.

“அந்தப் பெண்ணின் போனில் வந்த எண்களை வாசி.”

சலித்துக்கொண்டே வாசித்தாள். கல்கத்தா எண்களில் நான்கு, கடைசி இரண்டு இலக்கம் தவிர மற்றதெல்லாம் ஒன்று.

“பார்த்தாயா? நான்கு எண்ணும் ஒரே சிம் கட்டிலிருந்து பிரித்தது. இது ஆள் இல்லை சரோ, பெட்டி.”

“அண்ணனும் தம்பியுமா சேந்து வாங்கியிருப்பானுங்க” என்றாள்.

நான் விளக்கினேன். நுழைவாயில், உரிமம், சிம் பெட்டி. ஒரு வகுப்பே எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“நீ சொல்றது எல்லாம் சரிண்ணா. ஆனா நீயும் வெளிநாட்டுலேந்துதான் பேசற. உன் நம்பரு உன் நம்பராத்தானே வருது?”

என் கர்வம் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

5

எங்கள் பேட்டையில் ஒரு மளிகைக் கடை உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர் நடத்துகிறார். முருங்கைக்காய், உறைந்த புட்டு, சாமி படம், பேசும் அட்டை எல்லாம் கிடைக்கும். நான் அங்கே அட்டைகளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. கசாப்புக் கடைக்குள் நுழைந்த சைவர் போலப் போய் நின்றேன்.

“இந்தியாவுக்கு ஒரு கார்டு வேண்டும்.”

“இதைக் கொண்டுபோங்கோ ஐயா. நல்ல கிளியரா இருக்கும்.”

“கிளியராக வேண்டாம். இருப்பதிலேயே மோசமானது எது?”

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “இந்தக் கடையில ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்லை.”

“நம்பர் ஒழுங்காகக் காட்டாத கார்டு இருக்குமே.”

“அது இருக்கு. போன கிழமை ஒரு பெடியன் வந்து என்னோட சண்டை. இவன் கோல் எடுக்க எடுக்க அங்க ஏதோ ஊர் நம்பர் காட்டுதாம், அவன்ர மனுசி ரெண்டு நாளா போன் எடுக்கேல்லையாம்.”

“அதுதான். அதையே கொடுங்கள்.”

அட்டையைத் தந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஐயாவுக்கு வீட்டில ஏதும் பிரச்சினையோ?”

“இல்லை. நான் துறையில் இருந்தவன்” என்றேன். அவர் இன்னும் கவலைப்பட்டார்.

6

சமையலறை மேசையில் இரண்டு தொலைபேசிகளையும் வைத்துக்கொண்டேன். இடப்பக்கம் சட்டப்படியான கைபேசி. வலப்பக்கம் வீட்டுத் தொலைபேசி, அட்டைக்காக. எதிரில் மேகா படம் வரைந்துகொண்டிருந்தாள்.

முதலில் கைபேசியில் சொன்னேன்: “சரோ, இப்போது இதை வைத்துவிடுகிறேன். அடுத்து உன் போனில் எந்த எண் வந்தாலும் எடு.”

“தெரியாத நம்பர நான் எடுக்கறதில்ல.”

“இன்று ஒரு நாள் எடு.”

அட்டையைச் சுரண்டி, இலவச எண்ணை அழுத்தி, ரகசிய எண்ணை அழுத்தி, மீதி எத்தனை நிமிடம் என்று ஒரு இயந்திரப் பெண் சொல்வதைக் கேட்டு, சரோஜாவின் எண்ணைப் போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கைபேசியில் கேட்டால், “இங்க அடிக்கவே இல்லியே?” என்கிறாள். மணிச் சத்தத்தைக்கூடப் போலியாகப் போட்டு என்னைக் காக்க வைத்திருக்கிறார்கள். முப்பது வருடம் மணிச் சத்தத்தை நம்பியவன் நான்.

இரண்டாவது முறை ஓர் அம்மாள் இந்தியில் பேசினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் விடவில்லை, நலம் விசாரித்தார்.

மூன்றாவது முறை எடுத்தது சரோஜா. என் “ஹலோ” அங்கே போய்ச் சேர நேரம் பிடித்தது. அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“எவன்டா நீ? பொண்ணுங்க கீற வூட்டுக்குப் போன் பண்ணிக்கினே கீற? என் நம்பரு வரைக்கும் வந்துட்டியா? செருப்பு பிஞ்சிடும்!”

அந்தக் குரலைக் கேட்டதும் என் விரல் தானாகத் துண்டிக்கும் பொத்தானுக்குப் போனது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் சொந்தத் தங்கை, நானே போட்ட அழைப்பு, இருந்தும் கை போனது. சவுதியில் ஒரு மனிதர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மகளைக் கூப்பிட, ஒரு பெண் அதட்டினால் என்ன செய்வார்? தவறான இணைப்பு என்று துண்டிப்பார்.

“சரோ, நான்தான்.”

“எந்த நான்?”

“உன் அண்ணன்.”

“எங்க அண்ணன் ஆஸ்திரேலியாவுல கீறாரு. நீ கல்கத்தாவுலேந்து பேசற.”

“அதைத்தானே இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன்!”

தண்ணீர்க் குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல என் குரல் எனக்கே திரும்பி வந்தது. அவளுக்கு எப்படிக் கேட்டதோ.

“அப்படின்னா சொல்லு. எங்க வூட்ல எங்க அண்ணன இன்னான்னு கூப்புடுவாங்க?”

நான் மேகாவைப் பார்த்தேன். அவள் பென்சிலை நிறுத்தியிருந்தாள்.

“சரோ, இது தேவையா?”

“தெரியாதுல்ல? வையி போன.”

“மண்டவெல்லம்” என்றேன்.

சிறு வயதில் என் தலை அந்த வடிவில் இருந்ததாக வீட்டில் கருத்து. எழுபதை நெருங்கும்போது அதைச் சத்தமாகச் சொல்ல நேரும் என்று நினைத்ததில்லை. மறுமுனையில் தாமதித்து ஒரு சிரிப்பு வந்தது. நீளமாக வந்து, நடுவில் துண்டு துண்டாகி, பிறகு நின்றது.

“ண்ணா” என்றாள், வேறு குரலில். “இரு. அந்தப் பொண்ணு போன எடுத்தாறேன்.” கூடையைத் துழாவும் சத்தம். பிறகு ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கும் முணுமுணுப்பு.

“நீ பேசற நம்பரும் அதே கட்டுதாண்ணா. கடேசி ரெண்டு நம்பருதான் வேற.”

இவ்வளவு பொருந்தும் என்று நான்கூட எதிர்பார்க்கவில்லை. ஏதாவது ஒரு பொய் எண் வந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். சவுதிக் கொத்தனாரும் ஓய்வுபெற்ற கோட்டப் பொறியாளரும் ஒரே வாடகை அறையில், ஒரே பெட்டியில், அடுத்தடுத்த துளைகளில் உட்கார்ந்திருந்தோம்.

“நாளைக்கு அவங்க பெரியப்பா வர்றாரேண்ணா” என்றாள் சரோஜா. “நான் இன்னா சொல்லுவேன்?”

இதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் இணைப்பு அறுந்தது.

7

பெரியப்பா வந்தார். நடந்ததைச் சரோஜா பின்னர் சொன்னாள். வாசலிலேயே அவரை நிறுத்தி, “பொண்ணுக்கு நல்ல காய்ச்சலு, பயந்துபோய்க் கூப்ட்டேன், இப்ப எறங்கிடுச்சு” என்றிருக்கிறாள். முத்துச்செல்வியை முன்கூட்டியே போர்வைக்குள் படுக்கவைத்திருக்கிறாள். புரட்டாசி வெயிலில் அந்தப் பெண்ணுக்கு வேர்த்த வேர்வையைப் பார்த்து, காய்ச்சல் உண்மையாகவே இறங்கிவிட்டது என்று பெரியப்பா திருப்தியடைந்தார்.

“வந்ததுதான் வந்தேன், கையோட கூட்டிக்கிட்டே போயிருதேன்” என்று அவர் சொல்லியிருக்கிறார்.

“காய்ச்சல்ல கீற பொண்ண பஸ்ல இட்டுக்கினு போவீங்களா? நல்லா கீதே நியாயம்!” என்று சரோஜா சத்தம் போட்டிருக்கிறாள். பிறகு அவருக்குச் சாம்பார், கருவாட்டுக் குழம்பு இரண்டும் ஊற்றி, இரண்டு தரம் சோறு போட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் தனியாக ஏற்றி அனுப்பியிருக்கிறாள்.

“அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாயா?” என்றேன்.

“அதெல்லாம் எதுக்குண்ணா? போர்வைய நானே தொவைச்சுப் போட்டேன்.”

கூடை ஒழியவில்லை. அந்த அளவுக்கு நான் எதையும் சாதிக்கவில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. தெரியாத எண் வந்தால் இப்போது சரோஜா எடுக்கிறாள். அந்தப் பெண்ணைப் பற்றி வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வி கேட்கிறாள். கேள்வியைப் பெண்ணே கொடுக்க வேண்டும். முத்துச்செல்வி கொடுத்தது: உங்க மக எந்தக் கையால எழுதுவா?

முதல் தடவை கேட்டபோது தந்தை தயங்கினாராம். “பள்ளிக்கூடத்துல அடிப்பாவன்னு அங்க மட்டும் சோத்துக் கையால எழுதுவா. வீட்டுல எனக்குக் காயிதம் எழுதுனா நொட்டாங்கைதான். ஏம்மா, பிள்ளைக்குக் கையில எதுவும் அடியா?” என்று பதறியிருக்கிறார். சரோஜா அதை என்னிடம் சொல்லும்போது மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் என்றாள்.

“ஆனா ண்ணா, அந்தப் பொட்டி வச்சிக்கினு இருக்கறவனுங்க திருட்டுப் பசங்கதானே? அவனுங்க மேல எங்கியாவது புகார் குடுக்கணுமா?”

கொடுக்க வேண்டும். வெளிநாட்டு அழைப்பு உள்ளூர் எண்ணில் வந்தால் தெரிவிப்பதற்கு என்று ஓர் இலவச எண்ணே உண்டு. வந்த எண், நாள், நேரம் சொன்னால் போதும். அப்படி வந்த புகார்களை வைத்துத்தான் நாங்கள் வாலாஜாபாத் சாலைக்குப் போனோம். பெட்டியைப் பிடுங்குவார்கள். விளக்குகள் அணையும். நாட்டுக்கு நல்லது. நாங்குநேரிக் கொத்தனார் இன்னொரு பெட்டி முளைக்கும் வரை மகளோடு பேச முடியாது.

“எனக்குத் தெரியலையே சரோ” என்றேன். ஒரு நடைமுறையைப் பற்றி என் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

தொலைபேசி நிறுவனத்து விஷயமும் ஒருவழியாக முடிந்தது. மாப்பிள்ளை கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு என்னோடு அந்த நிறுவனத்தின் கடைக்கு வந்தார். அடையாளம் உறுதியானது. புதிய பாதுகாப்புக் கேள்வி ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றான் அங்கிருந்த இளைஞன். சிறு வயதில் உங்கள் செல்லப் பெயர்? எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மேகா கூடவே நின்று, அவன் ஒரு எழுத்தை விட்டபோது திருத்தினாள். அவளிடம் இப்போது நான்கு தமிழ் வார்த்தைகள். நான்காவதைத்தான் அதிகமாகப் பயன்படுத்துகிறாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் சரோஜாவை அழைத்தேன். கைபேசியில், நேராக. அவள் திரையில் ‘அண்ணா ஆஸ்திரேலியா’ என்று வந்திருக்கும். இருந்தும் கேட்டாள்.

“யாரு?”

“மண்டவெல்லம்.”

“சரி, சொல்லுண்ணா.”

சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவள் பக்கத்தில் வேறொரு மணி. பிளாஸ்டிக் கூடைக்குள்ளிருந்து வரும் அந்தக் கடகடப்பு இப்போது எனக்குப் பழகிவிட்டது. “இருண்ணா, வச்சிராத” என்று சொல்லிவிட்டு அதை எடுத்தாள். “ஹலோ. யாரு? … சத்தமா பேசுங்க. எந்தக் கை? … சரி, சரி. இருங்க, குடுக்கறேன்.”

மாடிப்படி அடியில் நின்று கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. இரண்டு போன்களையும் கையில் வைத்துக்கொண்டு அவளே ஏற ஆரம்பித்தாள். மூட்டுவலிக்காரி, மொட்டைமாடியில் வடாம் காயப்போடுவதையே நிறுத்திவிட்டவள். முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கினாள். “நைட்டு ஷிப்ட்டு பாத்துட்டு வந்து படுத்துக்கினு கீறாண்ணா. எறங்கி வர்றதுக்குள்ள இந்த லைன் போயிடும்” என்றாள் என்னிடம். இன்னொரு போனில், “வச்சிராதீங்கப்பா, தோ வந்துட்டேன்” என்றாள் அவரிடம்.

கதவு தட்டும் சத்தம். தூக்கக் குரல். பிறகு, “அப்பா.”

முறைப்படி வந்த என் அழைப்பு, சரோஜாவின் இன்னொரு கையில், நிமிடத்துக்கு நிமிடம் கட்டணம் ஏற, ஓசைப்படாமல் காத்திருந்தது.